இரத்தத்துக்கு மூலை கிடையாது

நான் ஓய்வு பெற்ற அன்று கழுத்தில் மாலை போட்டு, கேக் வெட்டி, இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். நான் பேசவில்லை. வாயைத் திறந்தால் என்ன வரும் என்று எனக்குத் தெரியும். கேக் சாப்பிட வந்தவர்களின் முகம் கோணிப்போயிருக்கும். இப்போது உங்களில் இரண்டு பேர் தலவாக்கலையில் என் வீட்டைத் தேடிப் பிடித்து வந்து, "லேப்ல புதுசா சேர்ந்தவங்களுக்கு ஏதாச்சும் எழுதித் தாங்க மிஸ்" என்கிறீர்கள். கேட்டது நீங்கள்தான். படித்து முடித்துவிட்டு, இந்த அம்மாவுக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று என்னிடம் வந்து நிற்கக் கூடாது.

இயந்திரங்களைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்ல எதுவும் இல்லை. என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். என் காலத்தில் வந்த புது இயந்திரத்தின் திரையைத் தொடவே எனக்குப் பயமாக இருந்தது. நான் சொல்லப்போவது ஒரு தட்டைப் பற்றி.

மலைநாட்டில் நான் கடைசியாக வேலை பார்த்த அரசாங்க ஆஸ்பத்திரியின் ஆய்வுகூடத்தில், கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் விளிம்பு நசுங்கிய ஓர் எவர்சில்வர் தட்டு இருந்தது. சோதிக்க லாயக்கில்லாத இரத்தப் பாட்டில்களை அதில் போடுவோம். அப்படி ஒரு தட்டு எல்லா ஆய்வுகூடத்திலும் இருக்கும். எங்களுடையதற்கு மட்டும் ஒரு பெயர் இருந்தது. 'தோட்டத்துத் தட்டு.'

டவுனிலிருந்து வந்த பாட்டில்களும் அதில் கிடக்கும். தனியார் கிளினிக்கிலிருந்து காரில் வந்தவையும் கிடக்கும். ஆனால் டவுன் பாட்டில் கெட்டிருந்தால், "வழியில குலுங்கியிருக்கும்" என்பார்கள். தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தது கெட்டிருந்தால், "அவங்களுக்கு சுத்தபத்தம் ஏது?" என்பார்கள். இரண்டும் ஒரே சிவப்புதான். பேச்சு மட்டும் வேறு.

இதைச் சொன்னவர்கள் எல்லாரும் வேறு ஊர், வேறு மொழிக்காரர்கள் என்று நீங்கள் நினைத்தால் அது தப்பு. அதிகமாகச் சொன்னவர் எங்கள் ஆய்வுகூடப் பொறுப்பாளர். நாங்கள் சேர் என்று கூப்பிடுவோம். என்னைப் போலவே அவரும் தோட்டத்து லயத்தில், வரிசை வீட்டின் ஓர் அறையில் பிறந்தவர். என் அம்மா நோர்வூட் பக்கத்தில் தேயிலைக் கொழுந்து எடுத்தவர். அவர் அம்மாவும் கொழுந்து எடுத்தவர்தான். படித்து மேலே வந்தார், கெட்டிக்காரர், வேலையில் கை சுத்தம். ஆனால் ஏறி வந்த ஏணியை உதைத்துத் தள்ளிவிட்டு, கீழே நிற்பவர்களைப் பார்த்து ஏன் ஏறி வரவில்லை என்று கேட்கிற ரகம்.

சரி, பாட்டில் எப்படிக் கெடுகிறது என்று பார்ப்போம். உறையாமல் இருக்க மருந்துத் துளி விட்ட பாட்டிலில் இரத்தத்தை எடுத்துச் சும்மா நிறுத்தி வைத்தால், சிவப்புக் கலங்கள், இரத்தத்தின் சிவப்புச் செல்கள், அடியில் படியும். மேலே வைக்கோல் நிறத்தில் தெளிந்த திரவம் நிற்கும். மஸ்கெலியாவுக்கு அப்பாலிருந்து பஸ்ஸில் வருகிற பாட்டில் எங்களிடம் வந்து சேர்வதற்குள் தானாகவே இப்படிப் பிரிந்துவிடும். மேலே நிற்பதும் சிவப்பாக இருந்தால், கலங்கள் உடைந்து உள்ளே இருந்த சாயம் வெளியே வந்துவிட்டது என்று அர்த்தம். அதை வைத்துச் சோதித்தால் சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்கும் கெட்டுப்போனதாகக் கணக்குக் காட்டும். அதனால் தூக்கித் தட்டில் போடுவோம். இதுவரை எல்லாம் நியாயம்தான்.

மஸ்கெலியாவுக்கு அந்தப் பக்கம் ஒரு சின்னத் தோட்டத்து ஆஸ்பத்திரி. அங்கிருந்து வருகிற பாட்டில்களில் ஒரு காலத்தில் பாதிக்கு மேல் சிவப்பாகவே வந்தன. சேர் ஒவ்வொன்றாகத் தூக்கிப் போட்டுக்கொண்டு, "இவங்கள திருத்தவே முடியாது" என்பார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு விடுமுறை நாளில் கிளம்பிப் போனேன். போகும்போது, எங்கள் அலுமாரியில் தூசி பிடித்துக் கிடந்த பழைய நுணுக்குக்காட்டியை, கண்ணாடி வைத்து வெளிச்சம் பிடிக்கிற ரகத்தை, கேட்டு வாங்கி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். "பிக்னிக் போறியா?" என்றார் சேர்.

அங்கே பாக்கியம் அக்கா என்று ஓர் உதவியாளர். இரத்தம் எடுக்க ஆள் வந்தால் பாட்டிலை எடுத்துக் கொடுப்பது அவர் வேலை. நான் ஓரமாக நின்று பார்த்தேன். ஏற்கெனவே கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த பாட்டிலை எடுத்தார், நோயாளியின் கண் முன்னாலேயே குழாயில் இன்னொரு தரம் அலசினார், உதறினார், தாதியின் கையில் கொடுத்தார். தாதி அந்த ஈரத்திலேயே மருந்துத் துளியை விட்டு இரத்தத்தைப் பிடித்தார்.

விஷயம் அவ்வளவுதான். எங்கள் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இது ஏன் என்று சொல்லத் தேவையில்லை. விருந்தாளிக்குத் தேத்தண்ணி கொடுக்கிறோம் என்றால், தம்ளர் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அவர் பார்க்க ஒரு தரம் அலசித்தான் ஊற்றுவோம். அலசாமல் ஊற்றினால் அவரை மதிக்கவில்லை என்று பொருள். பாக்கியம் அக்கா நோயாளிக்கு அந்த மரியாதையைத்தான் செய்துகொண்டிருந்தார். எங்கள் ஆய்வுகூடமோ அதைப் பார்த்து சுத்தம் தெரியாதவர்கள் என்றது. சுத்தம் கூடிப்போனதால் கெட்ட பாட்டிலுக்கு அசுத்தம் என்று பெயர்! எனக்கு அங்கேயே தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

"அக்கா, அலசாதீங்க. ஈரம் இருந்தா ரத்தம் கெட்டுரும்" என்றேன்.

"தண்ணியில என்னங்க மிஸ் கெடுதி? குடிக்கிற தண்ணிதானே" என்றார் அவர். "கழுவாத பாத்திரத்த ஒரு ஆள்கிட்ட நீட்ட எனக்கு கை வராதுங்க."

வாதாடிப் பலனில்லை. மூடுபனி விலகி ஜன்னலில் வெளிச்சம் வரும்வரை காத்திருந்து, நுணுக்குக்காட்டியை அங்கே வைத்தேன். சமையலறையிலிருந்து ஒரு வெங்காயம் வாங்கி, உள் சவ்வை மெல்லிசாக உரித்துக் குழாய்த் தண்ணீரில் போட்டுக் காட்டினேன். பெட்டி பெட்டியாகக் கலங்கள் தெரிந்தன. மூலை மூலையாக, வரிசையாக. "லயம் மாதிரியே இருக்குங்க மிஸ்" என்று சிரித்தார். பிறகு என் விரலைக் குத்தி, ஒரு துளி இரத்தத்தை உப்புக் கரைசலில் காட்டினேன். வட்டம் வட்டமாக, ரொட்டி மாவு உருண்டையை நடுவில் விரலால் அழுத்தியது போல. அதன் ஓரத்தில் ஒரு சொட்டுக் குழாய்த் தண்ணீரை விட்டேன்.

பாக்கியம் அக்கா கண்ணை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். "உப்புது மிஸ். உருண்டையாகுது... ஐயோ, காணாம போச்சு! ஒவ்வொண்ணா காணாம போகுது!"

"வெங்காயத்துக்கு ஒண்ணும் ஆகலையே, ஏன்?" என்றேன்.

பாடப் புத்தகத்தில் உங்களுக்கு இதற்குப் படம் இருந்திருக்கும். பரீட்சைக்கு வரைந்துவிட்டு மறந்திருப்பீர்கள். தாவரக் கலத்துக்கு வெளியே கலச்சுவர் இருக்கிறது. தண்ணீர் உள்ளே போனால் கலம் உப்பிச் சுவரில் முட்டும், சுவர் தாங்கிக்கொள்ளும். தண்ணீர் வற்றினால் உள்ளே இருப்பது சுருங்கும். பெட்டி பெரும்பாலும் பெட்டியாகவே நிற்கும். தொழிற்சாலையில் கொழுந்தை வாட்டும்போது இலை துவண்டுபோவதும், அதையே தண்ணீரில் போட்டால் விறைப்பதும் இதனால்தான். செடிக்கு மூலையைக் கொடுப்பது அந்தச் சுவர். நம் கலத்துக்குச் சுவர் கிடையாது. ஒரு மெல்லிய சவ்வு, அதன் உள்பக்கம் ஒட்டிய ஒரு வலை, அவ்வளவுதான். சிவப்புக் கலத்தின் வட்டமும் குழியும் அந்த வலை பிடித்து வைத்திருக்கிற வடிவம். தண்ணீர் புகுந்தால் உருண்டையாகும், தாங்காவிட்டால் வெடிக்கும். அதற்கு வேறு வழி தெரியாது.

இதை அக்காவுக்கு நம் பேச்சில் சொன்னேன். "அப்ப நான் கழுவுன பாட்டில்ல எடுத்ததெல்லாம் வீணாப் போச்சுங்களா?" என்றார். முகம் வாடிப்போனது. "இனிமே கைய மட்டும் கழுவிட்டு, பாட்டில காஞ்சது காஞ்சபடியே குடுக்கிறேன். கோவிச்சுக்கிட்டா கோவிச்சுக்கட்டும்."

திரும்பி வந்து சேரிடம் சொன்னேன். "ம்" என்றார். தட்டு இருந்த இடத்திலேயே இருந்தது. பெயரும் இருந்தது.

இனி முருகையா வந்த நாளைப் பற்றிச் சொல்கிறேன். அதற்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அன்று சர்க்கரை நோய் கிளினிக். விடிந்ததிலிருந்து மழை. வெளியே குடையும் கம்பளிச் சால்வையுமாகக் கூட்டம். உள்ளே பாட்டில்கள் மலை போலக் குவிந்திருந்தன. ரிப்போர்ட் எங்கே என்று வார்டிலிருந்து போனுக்கு மேல் போன். அந்த நேரத்தில் ஜன்னல் வழியாக ஒரு கை நீண்டது. கையில் ஒரு பாட்டில், பிளாஸ்டிக் பையில் சுற்றியிருந்தது. மேலே நின்றது வைக்கோல் நிறம் இல்லை. கருஞ்சிவப்பு.

சேர் பாட்டிலில் ஒட்டியிருந்த ஊர்ப்பெயரை, பாக்கியம் அக்காவின் தோட்டத்துப் பெயரை, பார்த்தார். அதற்கு மேல் பார்க்கவில்லை. தூக்கித் தட்டில் போட்டார். "ஈரப் பாட்டில். வேற எடுத்துக்கிட்டு வரச் சொல்லு."

ஜன்னலுக்கு வெளியே நின்ற முருகையா போகவில்லை. "சேர், இது மூணாவது தடவைங்க" என்றார். சத்தமாகச் சொல்லவில்லை. "முந்தாநாளும் இப்பிடித்தான் சொன்னீங்க. நேத்தும் சொன்னீங்க. அங்க டாக்டர் ரிப்போர்ட் வந்தாத்தான் அடுத்தது என்னான்னு சொல்லலாங்கிறாரு. என் சம்சாரத்துக்கு முடியல சேர்."

"அதுக்கு நாங்க என்ன செய்ய? ஒழுங்கா எடுக்கச் சொல்லுங்க அங்க."

முதல் இரண்டு பாட்டில்களும் என் மேசைப் பக்கம் வரவில்லை. அவர் சொன்ன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. பாக்கியம் அக்காவின் முகம் நினைவுக்கு வந்தது. கை துடைத்துக்கொண்டு எழுந்து போய்த் தட்டிலிருந்து அந்தப் பாட்டிலை எடுத்தேன்.

"என்ன செய்யப் போற?" என்றார் சேர்.

"ஒரு ஸ்லைட் போட்டுப் பாக்கிறேன்."

"கிளினிக் குவிஞ்சு கிடக்கு. உனக்கு விளையாட்டா இருக்கா?"

விளையாட்டாகத்தான் இருந்தது போங்கள். கண்ணாடியில் இழுத்து, காய வைத்து, சாயம் போட்டு, நுணுக்குக்காட்டியில் வைத்தேன். சேர் சொன்னது சரியாக இருந்திருந்தால், தண்ணீர் பட்ட இரத்தத்தில் நான் பார்க்க வேண்டியது உப்பிய உருண்டைகளும் வெளிறிப்போன நிழல்களும்தான். நான் பார்த்தது வேறு. வட்டமான நல்ல கலங்களுக்கு நடுவே முக்கோணங்கள். தொப்பியைக் கவிழ்த்து வைத்தது போல ஒரு பக்கம் நேராக வெட்டுப்பட்டவை. இரண்டு பக்கமும் கொம்பு நீட்டிக்கொண்டு சில. எங்கே நகர்த்தினாலும் அவை இருந்தன.

சுவர் உள்ள கலத்துக்குத்தான் மூலை. இரத்தத்துக்கு மூலை கிடையாது. இரத்தத்தில் மூலையைப் பார்த்தால், அந்தக் கலத்தை ஏதோ ஒன்று வெட்டியிருக்கிறது என்று அர்த்தம். அந்த வெட்டு பாட்டிலில் நடக்காது. ஓடுகிற உடம்புக்குள்தான் நடக்கும். மிக நுண்ணிய இரத்தக் குழாய்களில் உறைவு நூல் நூலாகக் குறுக்கே கட்டிக்கொள்ளும்போது, அதில் மோதுகிற கலம் அறுபடும். அறுபட்ட துண்டு சவ்வை மூடிக்கொண்டு, கோணல் வடிவத்தோடு தொடர்ந்து ஓடும். அந்தக் குழாய்கள் முதலில் அடைபடுவது சிறுநீரகத்தில்.

"சேர், வந்து பாருங்க" என்றேன்.

"ஸ்லைட் காயறப்ப கோணல்மாணலாகும். இது உனக்குப் புதுசா?"

"காஞ்சு ஆனதுன்னா எல்லாமே ஆகியிருக்கணும். பக்கத்துல இருக்கிறது நல்லா வட்டமா இருக்கே. தண்ணி பட்டா உருண்டையாகும் சேர். தண்ணி எங்கயாச்சும் மூலை வைக்குமா?"

அவர் எழுந்து வரவில்லை. நாற்காலியிலிருந்து நுணுக்குக்காட்டிக்கு நாலு எட்டுத்தான். வரவில்லை. இன்றைக்கும் என் கோபம் அவர் சொன்னதில் இல்லை. தப்பு யாருக்கும் வரும். வந்து கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு இல்லை என்று சொல்லியிருந்தால் நான் மேலும் வாதாடியிருப்பேன், அவ்வளவுதான். ஊர்ப்பெயரைப் பார்த்ததே போதும் என்று இருந்துவிட்டாரே, அதைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

நான் ஜன்னலுக்குப் போனேன். மழையில் நனைந்துகொண்டு முருகையா அங்கேயே நின்றார். "சம்சாரத்துக்கு என்ன செய்யுது?" என்று கேட்டேன். மூன்று தடவை அந்த மனிதர் அந்த ஜன்னலுக்கு வந்திருக்கிறார். இந்தக் கேள்வியை அவரிடம் முதன்முதலாகக் கேட்டது நான்தான்.

"வாந்திங்க. மொகமெல்லாம் வீங்கிக் கெடக்கு. ஒண்ணுக்கு பாலு ஊத்தாத வெறுந் தேத்தண்ணி கலர்ல போச்சு. இப்ப அதுவும் சரியாப் போகல."

"அதுக்கு முன்னால? காய்ச்சல், அடிகிடி, பூச்சி கடி?"

அவர் யோசித்தார். "கொழுந்து எடுக்கையில கால்ல கடிச்சிச்சுங்க. குனகட்டுவா. சின்ன பாம்பு. அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். கால் வீங்கிப் பொறவு வடிஞ்சிருச்சு. அது ஒண்ணும் செய்யாதுன்னுதான் எல்லாரும் சொல்றாங்க மிஸ்."

தோட்டத்தில் எல்லாருக்கும் அந்தப் பாம்பைத் தெரியும். மூக்கு மேல்நோக்கி வளைந்த சின்ன விரியன். தேயிலைத் தூரில் சருகோடு சருகாகக் கிடக்கும். கடித்தால் வீங்கும், வலிக்கும், பெரும்பாலும் வடிந்துவிடும். அதனால்தான் அதை யாரும் பெரிதாக எடுப்பதில்லை. ஆனால் எப்போதாவது ஒருவருக்கு அதன் நஞ்சு உடம்புக்குள் இரத்தத்தை உறைய வைத்து, சிறுநீரகத்தை அடைத்துவிடும். வெட்டுப்பட்ட கலங்களும், தேத்தண்ணி நிறச் சிறுநீரும், வீங்கிய முகமும் ஒன்றோடொன்று பொருந்திவிட்டன. அந்தப் பெண்ணுக்கு வேண்டியது நாலாவது பாட்டில் இல்லை, ஆம்புலன்ஸ்.

எங்கள் வழக்கப்படி சோதிக்காத மாதிரியைப் பற்றி வெளி ஆஸ்பத்திரிக்கு வாய்மொழியாக எதுவும் சொல்லக் கூடாது. பொறுப்பாளர் வழியாகத்தான் போக வேண்டும். நான் போனை எடுத்தேன்.

"நீ பேசினா அது உன் பொறுப்பு. நாளைக்கு ஏதாச்சும் பிசகினா என்கிட்ட வராத" என்றார் சேர்.

"சரி சேர். என் பொறுப்பு."

நான் நினைத்தது தப்பாக இருந்தால் ஓய்வூதியத்துக்குக் கொஞ்ச காலம் இருக்கும்போது என்னைத் தூக்கி எங்கேயாவது போடுவார்கள். தப்பாக இருக்காது என்று நூற்றுக்கு நூறு தெரிந்தபின் பேசுவதற்குத் துணிச்சல் தேவையில்லை பிள்ளைகளே. மூலையைப் பார்த்துவிட்டேன், அதற்கு வேறு நல்ல காரணம் என் அறிவுக்கு எட்டவில்லை, காத்திருந்தால் ஒரு பெண் செத்துப்போகலாம். இவ்வளவு போதும் என்று நினைத்தேன்.

அங்கே போனை எடுத்தது பாக்கியம் அக்கா.

"அக்கா, டாக்டர கூப்பிடுங்க, அவசரம். அதுக்கு முன்னால ஒண்ணு சொல்லுங்க. முருகையா சம்சாரத்தோட பாட்டில் ஈரமா இருந்துச்சா?"

அந்தப் பக்கமிருந்து பதில் அழுகையும் கோபமுமாக வந்தது. "மிஸ், நீங்க வெங்காயத்த காட்டின நாள்லேர்ந்து நான் ஒரு பாட்டில கூட அலசல. மூணும் காஞ்ச பாட்டில். அந்த ஆளு ரெண்டு தடவ திரும்பி வந்து, ஈரமாம்னு சொன்னாரு. டாக்டர் என்னையத்தான் ஏசினாரு. நான் சொன்னா யாருங்க கேக்கிறா?"

காய்ந்த பாட்டில். மூன்றும் காய்ந்த பாட்டில்கள். அவர் திருந்தி எவ்வளவோ காலமாகிவிட்டது. திருந்தாமல் இருந்தது நாங்கள்.

டாக்டர் போனுக்கு வந்தார். சின்ன வயதுக்காரர், சிங்களத்தில் பேசினார். நான் பார்த்ததைச் சொன்னேன், பாம்புக்கடியையும் நினைவுபடுத்தினேன். அவர் என்னிடம் அதிகாரம் இருக்கிறதா என்று கேட்கவில்லை. "நிச்சயமாகத் துண்டுகளா? உருண்டைகள் இல்லையே?" என்று மட்டும் கேட்டார். சரியான கேள்வி. "துண்டுகள்தான் டாக்டர், மூலையோடு" என்றேன். "இப்போதே அனுப்புகிறேன்" என்று வைத்துவிட்டார். நான் ஜன்னலுக்கு ஓடி முருகையாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் நன்றி சொல்ல நிற்காமல் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினார். அதுதான் சரி.

அந்தப் பெண்ணின் பெயர் சரோஜா. ஆம்புலன்ஸில் கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இயந்திரத்தில் இரத்தத்தைச் சுத்திகரித்து, பல வாரம் வைத்திருந்து பிழைக்க வைத்தார்கள். எங்கள் ஆய்வுகூடத்தில் எனக்குக் கைகொடுத்தார்கள், இனிப்பு வாங்கச் சொன்னார்கள். நான் வாங்கவில்லை. உயிர் வந்தது, சிறுநீரகம் முழுதாகத் திரும்பவில்லை. மேட்டு மலையில் ஏறிக் கொழுந்து எடுக்க இனி அவளால் முடியாது. முதல் பாட்டிலையே பார்த்திருந்தால் எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. அந்தப் பாட்டில் தட்டில் கிடந்து, சாக்கடைக்குப் போய்விட்டது.

சேர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. என்மேல் புகார் எழுதவும் இல்லை. அதை அவர் பெருந்தன்மை என்று நினைத்திருப்பார். அந்தத் தட்டை நானே தூக்கிக்கொண்டுபோய் சமையலறைக்குப் பின்னால் எறிந்தேன். அடுத்த கிழமை புதுத் தட்டு வந்தது. விளிம்பு நசுங்காதது, பளபளவென்று இருந்தது. பெயர் மட்டும் பழையது.

நீங்கள் கெட்ட மாதிரியைத் திருப்பி அனுப்பத்தான் வேண்டும். கண்டதையெல்லாம் சோதித்து நம்பரைக் கொடுத்துவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் சிவப்பைப் பார்த்தால், எங்கே சிவந்தது என்று கேளுங்கள்: பாட்டிலிலா, உடம்பிலா? கலத்திடம் கேளுங்கள், அதன் வடிவம் சொல்லும். கொண்டுவந்த ஆளிடம் கேளுங்கள், அவர் வாயும் சொல்லும். ஒட்டியிருக்கிற ஊர்ப்பெயரிடம் மட்டும் கேட்காதீர்கள்.

இன்னும் ஒன்று இருக்கிறது. நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால், மாதாந்தப் பரிசோதனைக்கு என்று ஒரு பெண் ஜன்னலுக்கு வந்தாள். மெலிந்த உடம்பு, கால் கொஞ்சம் வீங்கியிருந்தது. பின்னால் நின்ற முருகையாவைப் பார்த்த பிறகுதான் யார் என்று தெரிந்தது. கையில் சிறுநீர்ப் பாட்டில் வைத்திருந்தாள். அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் இருந்தாலும் பெரிதாக ஒன்றும் கெட்டுவிடாது. அவள் அதை வலது கையில் பிடித்து, இடது கையால் முழங்கையைத் தாங்கி, பெரியவர்களுக்குக் கொடுப்பது போல நீட்டினாள்.

"காஞ்ச பாட்டில்தாங்க மிஸ்" என்றாள். "கழுவி, தொடச்சி, அடுப்புகிட்ட வச்சி நல்லா காய வச்சிதான் கொண்டாந்தேன். சந்தேகமா இருந்தா பாத்துக்குங்க."

அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்பதற்கு முன்னாலேயே பதில் சொல்லப் பழகியிருந்தாள். பழக்கியது நாம்.